சொந்த சர்வரில் வந்த ஓலை

டென்சில்: ...இல்ல அண்ணாச்சி, நான் உக்கார வரல. நின்னுக்கிட்டேதான் கேப்பேன். எம் பிள்ளை பேரை உங்க மெஷினு எப்படிக் கலியாண ஓலையில போடலாம்? தெருவுக்கே கேக்கட்டும். பதில் சொல்லுங்க.

ஞானசீலன்: தெருவுக்கு இனிமே கேக்க என்ன இருக்கு டென்சிலு? போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மைக்கு வச்சு வாசிச்சாச்சு. தாராவி முழுக்கக் கேட்டுட்டு.

சேசம்மாள்: ஏன் தம்பி, சண்டை போட வந்தா இவிய மூஞ்சியப் பாத்துல்லா போடணும்? நீங்க என்ன வாசலைப் பாத்துக் கத்துதிய?

டென்சில்: வெளிய என் மச்சான் நிக்காரு மதினி. என் வீட்டுக்காரி ரெபேக்காவோட அண்ணன். எம் பிள்ளை ஸ்வீட்டிக்கு சான்பாடா ஊரு மாப்பிள்ளையக் கொண்டுவந்தது அவருதானே. 'நீ போயி கேக்கியா, இல்ல நானே உள்ள வரட்டுமா'ன்னு பானிபூரி வண்டிகிட்ட நிக்காரு.

சேசம்மாள்: அவரையும் உள்ள கூப்பிடுங்க. சாயா போடுதேன்.

டென்சில்: வேண்டாம் மதினி. அவரு உள்ள வந்தா சாயா குடிக்க மாட்டாரு. அந்த மெஷினைத் தூக்கிச் சாக்கடையில போட்டுருவாரு.

ஞானசீலன்: போடச் சொல்லும். நானும் ஒரு வாரமா அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அலமாரிக்கு மேல இருந்து இறக்கத்தான் ஆளு இல்ல.

டென்சில்: சிரிக்காதிய அண்ணாச்சி. நாளைக்குச் சாயங்காலம் சான்பாடாக்காரவிய நிச்சயம் பண்ண வாராவ. 'ஞானசீலன் மகன் சாஜனுக்கும் உங்க ஸ்வீட்டிக்கும் கலியாணம்னு சர்ச்சுல ஓலை வாசிச்சிருக்காவளாமே'ன்னு போன்ல கேட்டுட்டாவ. நாளைக்குக் காலைல ஆராதனையில 'அது தப்பு'ன்னு திருத்தம் வாசிச்சாத்தான் வருவாவளாம். இல்லேன்னா இல்ல.

ஞானசீலன்: தெரியும்.

டென்சில்: இன்னைக்குச் சாயங்காலம் பிரஸ்ஸுக்கார நசீர் ஆராதனைத் தாளு அடிக்கிறதுக்குள்ள அந்தத் திருத்தம் தாள்ல ஏறணும். ஏறலேன்னா உங்க மெஷினு நாளைக்கு ரெண்டாம் ஓலையத் தானா போட்டுரும். மூணு ஞாயிறு ஓலை வாசிச்சு யாரும் தடை சொல்லலேன்னா...

ஞானசீலன்: கலியாணம்தான். சபைக் காரியதரிசிக்கே ஓலைன்னா என்னன்னு பாடம் எடுக்கீரு. கொஞ்சம் பொறும். மெஷினு எழும்பிக்கிட்டு இருக்கு.

டென்சில்: இன்னுமா எழும்புது?

சேசம்மாள்: ஞாயித்துக்கிழமை மத்தியானம் அமத்தினது தம்பி. அன்னைக்கு இருந்து பெட்ஷீட்டப் போட்டு மூடி வச்சிருந்தாவ. இன்னைக்குத்தான் தொடுதாவ. சுவிட்ச் போடும்போது ஜெபம் பண்ணினாவ தெரியுமா?

ஞானசீலன்: ஜெபம்லாம் இல்ல. கண்ணை மூடினேன். தீப்பொறி கீப்பொறி பறந்தா கண்ணுல விழாம இருக்கட்டும்னு.

டென்சில்: எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு அண்ணாச்சி? மாசாமாசம் வாடகை கட்டுனோம், கம்பெனிக்காரன் சாப்ட்வேர் ஓடுச்சு. அதை நிறுத்திட்டு சொந்தமா வைக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?

ஞானசீலன்: யாரும் சொல்லல. நானே கமிட்டியில எந்திரிச்சு நின்னு சொன்னேன். இப்ப நினைச்சாலும் காது சூடாவுது. 'எத்தனை நாளைக்கு வாடகை வீட்டில் குடியிருப்பது? நம் சபையின் தகவல் நம் சபையிடமே இருக்க வேண்டாமா?'ன்னு கேட்டேன். கை தட்டுனாவ. நீரும் தட்டுனீரு.

டென்சில்: எல்லாரும் தட்டுனாவன்னு தட்டுனேன்.

ஞானசீலன்: அந்தக் கம்பெனிக்காரன் ஆளு கணக்குக்குல்லா பணம் வாங்கினான்? மாதர் சங்கத்துல கம்ப்யூட்டரையே பாக்காத கிழவிக்கும் வாடகை. செத்துப்போனவியளுக்கும் வாடகை. 'ஐயா, இவர்கள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார்கள், இனி லாகின் செய்யமாட்டார்கள்'னு முறையா மூணு மெயில் போட்டேன். பதிலே இல்ல. அதுலதான் வீம்பு வந்துட்டு. ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டரக் கேட்டு வாங்கினேன். சாப்ட்வேரு ஓப்பன் சோர்ஸு, சும்மா கிடைச்சுது. எவன்ட்டயும் கையேந்த வேண்டாம்.

சேசம்மாள்: ஆமா, இப்ப எல்லாரும் இவியள்ட்ட வந்து நிக்காவ.

ஞானசீலன்: அதச் சொல்லு. முன்னாடி ஏதாச்சும் கோளாறுன்னா கம்பெனிக்காரன ஏசலாம். இப்ப கம்ப்ளெய்ண்ட் கொடுக்கறவனும் நான், வாங்குறவனும் நான், 'பார்த்துச் சொல்கிறோம்'னு சொல்லிட்டுப் பாக்காம இருக்கறவனும் நான்.

டென்சில்: ஆடி மாசம் என்னாச்சு? கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற கடிகார பேட்டரி செத்துப்போயி சபை மொத்தத்துக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து போச்சு. அடைமழை. முட்டளவு தண்ணியில நின்னுக்கிட்டு 'பாலன் பிறந்தார்'னு மெசேஜ் வாசிச்சேன்.

ஞானசீலன்: அதுக்கு நாலு பேரு ஆமென்னு பதில் போட்டாவ.

டென்சில்: அண்ணாச்சி, நான் கோவமா இருக்கேன்.

சேசம்மாள்: அப்ப வாசலைப் பாத்துச் சொல்லுங்க தம்பி. உங்க மச்சான் எட்டிப் பாக்காரு.

டென்சில்: ...எம் பிள்ளை மானம் போச்சு அண்ணாச்சி. என்னன்னு நினைச்சிய என்னைய? ஒரு பதிலு வேணும் எனக்கு, ஆமா. ...போயிட்டாரா மதினி?

சேசம்மாள்: பானிபூரி வாங்குதாரு.

டென்சில்: கொஞ்சம் தண்ணி தாங்க. கத்திக் கத்தித் தொண்டை கட்டிட்டு.

ஞானசீலன்: உக்காரும் வே. எப்படி நடந்துச்சுன்னு வரிசையாச் சொல்லுதேன். புதுசா சாப்ட்வேரு போட்டா, வேலை செய்யுதான்னு பாக்க முதல்ல பொய்யா சில தகவலைப் போட்டுப் பாக்கணும். டெஸ்ட்டு. கலியாண ஓலை ஒண்ணு, அந்த மாதிரி ரெண்டொண்ணு போட்டேன். எல்லாம் சரியா ஓடுச்சு. அன்னைக்கே ஒரு பேக்கப் எடுத்து வச்சேன். பொறவு அந்த டெஸ்ட்டையெல்லாம் அழிச்சுட்டேன்.

டென்சில்: அழிச்சது எப்படி வந்துச்சு?

ஞானசீலன்: போன வாரம் வெள்ளிக்கிழமை காலையில... கரண்ட் போச்சு. மெஷினு படுத்துட்டு. பேக்கப்ப எடுத்து மறுபடி ஏத்தினேன். ஏத்தினது அந்தப் பழைய பேக்கப்பு. நான் அழிச்சதெல்லாம் உயிர்த்தெழுந்துட்டு. எனக்குத் தெரியாது.

டென்சில்: அன்னைக்குக் காலைல கரண்ட் போகலியே. எங்க வீட்டுல டிவி ஓடிச்சே.

ஞானசீலன்: எங்க வீட்டுல போச்சு.

டென்சில்: ஒரே சாலு, ஒரே வரிசை வீடு, ஒரே லைன்ல, உங்க வீட்டுக்கு மட்டுமா?

சேசம்மாள்: ...தம்பி, இவிய என்னைய மறைக்காவ. நான்தான் பிளக்கப் பிடுங்கினேன். சட்னி அரைக்கணும். மிக்ஸிக்கு வேற பிளக்கு கிடையாது. இருக்கிறது ஒரு பிளக்கு, அதுல சபையே ஓடுதுன்னா நான் தேங்காய எங்க அரைக்க?

ஞானசீலன்: 'இதைப் பிடுங்கக் கூடாது'ன்னு தமிழ்ல எழுதி ஒட்டியிருந்தேன்.

சேசம்மாள்: ஒட்டினதுல தேதி போட்டு கையெழுத்தும் போட்டிருந்தாவ. வீட்டுக்குள்ள சுற்றறிக்கை.

டென்சில்: சரி. ஓலை தாள்ல ஏறிட்டு. தாளு மெஷின்ல இருந்து...

ஞானசீலன்: சனிக்கிழமை சாயங்காலம் தானா உம்ம போனுக்கு வந்துச்சு. பிழை திருத்துறது நீருதானே. வாராவாரம் நீரு பாத்துத் திருத்தி நசீருக்கு அனுப்பணும். நசீரு தமிழ் வாசிக்க மாட்டான், வந்ததை வந்தபடி அடிப்பான். கேக்குதேன்னு தப்பா நினைக்காதேயும் டென்சிலு. சொந்தப் பிள்ளை பேரு இருக்கிறது உம்ம கண்ணுல படலியா?

டென்சில்: அன்னைக்கு எனக்கு டூட்டி அண்ணாச்சி. வடாலால பார்சல் ஏத்திக்கிட்டு இருந்தேன். தாளைத் திறந்துகூடப் பாக்கல. அப்படியே நசீருக்குத் தள்ளிவிட்டுட்டேன்.

ஞானசீலன்: சரி. அதுவும் என் தலைவிதி. நம்ம பாஸ்டராச்சும் இருந்திருந்தா ரெண்டு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டிருப்பாரு. அவரு லீவு. பாண்டுப்ல இருந்து வந்த பாஸ்டருக்கு சாஜனும் தெரியாது, ஸ்வீட்டியும் தெரியாது. கையில கொடுத்ததை நிறுத்தி நிதானமா வாசிச்சுட்டாரு.

சேசம்மாள்: நல்லா வாசிச்சாரு. சும்மா சொல்லக்கூடாது.

டென்சில்: மதினி, நீங்க சந்தோசமா இருக்கிய.

சேசம்மாள்: நானா? சேச்சே.

டென்சில்: ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுல கேசரி கிண்டினியளாமே. எங்க வீடு வரைக்கும் நெய் மணம் வந்துச்சு.

சேசம்மாள்: ரவையில வண்டு விழுந்துரும்னு கிண்டினேன் தம்பி.

டென்சில்: அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. டெஸ்ட்டுக்கு ரெண்டு பேரு வேணும். பட்டியல்ல மேல இருக்கிற பேரத்தானே தட்டுவிய? கலியாணம் ஆகாத பையங்க பட்டியல்ல மேல இருக்கிறது ஆபேலு. அவனுக்கு அப்புறம் ஒரு ஜெபக்கூட்டம் அளவுக்கு ஆளு இருக்கு. அத்தனை பேரையும் தாண்டி சாஜன் வரைக்கும் ஏன் இறங்குனிய?

ஞானசீலன்: மவுசு... வழுக்கிட்டு.

டென்சில்: சரி, வழுக்கி மகன் மேல போயி விழுந்துட்டு. பொண்ணுங்க பட்டியல்ல ஸ்வீட்டி கடைசிப் பேரு. அங்க?

ஞானசீலன்: அங்க...

சேசம்மாள்: அங்கயும் வழுக்கிட்டாக்கும்.

டென்சில்: அண்ணாச்சி.

ஞானசீலன்: இரும் வே. பாஸ்வேர்டு கேக்குது.

டென்சில்: பாஸ்வேர்டு பொறவு போடலாம். பதிலச் சொல்லுங்க.

ஞானசீலன்: ...சொன்னா ஏசக் கூடாது. வீட்டுலயே சர்வர் வச்சப்போ, வீட்டு ஆளுகளோட போட்டோவும் அதுலயே இருக்கட்டும்னு எல்லார் போனையும் அதோட சேத்துவிட்டேன். 'நம்ம ரகசியம் நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கும், எந்தக் கம்பெனிக்காரனும் பாக்க முடியாது'ன்னு சாஜன்ட்ட பெருமையடிச்சேன்.

டென்சில்: சரி.

ஞானசீலன்: கம்பெனிக்காரன் பாக்கல. நான் பாத்துட்டேன்.

சேசம்மாள்: இதை எங்கிட்டகூடச் சொல்லல, பாத்துக்கோங்க.

ஞானசீலன்: வேணும்னு பாக்கல. இடம் பத்தலன்னு மெஷினு கத்துச்சு, எது அடைச்சுக்கிட்டு இருக்குன்னு திறந்தேன். சாஜன் எடுத்த போட்டோ, சர்ச்சுப் பாட்டுக் கொயரு பிக்னிக் போனது. கொயர்ல எத்தனை பேரு? எல்லாரையும் நிக்க வச்சு எடுத்திருக்கான். எந்தப் போட்டோவ எடுத்தாலும் நட்டநடுவுல ஸ்வீட்டி. மத்தவனுக்கெல்லாம் பாதி முகம், ஒத்தைக் காது. ஒருத்தனுக்கு முழங்கை மட்டும். பிரிச்சு அடுக்கிக்கிட்டே வந்தேன், அப்பத்தான் புரிஞ்சுது.

டென்சில்: உங்க மகன்ட்ட கேட்டியளா?

ஞானசீலன்: எப்படிக் கேப்பேன்? 'உன் போட்டோவத் திறந்து பாத்தேன்'னு சொல்லணும்லா. ரகசியத்தைப் பத்தி அவ்வளவு பேசிட்டு. உம்மட்ட வந்து பொண்ணு கேக்கவும் தைரியம் இல்ல. நீரு நெஞ்சை நிமித்திக்கிட்டு மச்சான் பாத்த மாப்பிள்ளை, சான்பாடால சொந்த பிளாட்டுன்னு சொல்லிட்டு அலையுதீரு. நான் பொறந்ததுல இருந்து ஒரு காரியத்தையும் நேர்ல கேட்டவன் இல்ல. லெட்டர் எழுதுவேன். உமக்கும் ஒரு லெட்டர் எழுதினேன்.

டென்சில்: எனக்கு வரலியே.

ஞானசீலன்: கிழிச்சுட்டேன். 'பொருள்: தங்கள் மகளைக் கேட்பது தொடர்பாக'ன்னு ஆரம்பிச்சிருந்தேன். எனக்கே வெக்கமாப் போச்சு. அந்த வாரத்துலதான் இந்த டெஸ்ட்டு வந்துச்சு. மாப்பிள்ளை யாருன்னு மெஷினு கேட்டுச்சு, மணமகள் யாருன்னு கேட்டுச்சு. எந்த மனுசனும் எங்கிட்ட அப்படிக் கேட்டது இல்ல. தட்டிட்டேன். தட்டிட்டு, தாள்ல எப்படி வருதுன்னு ஒரு தடவ பாத்துட்டு, அழிச்சுட்டேன். ஆண்டவர் சத்தியமா அழிச்சேன் வே.

சேசம்மாள்: அழிச்சதைத்தான் நான் தேங்காய் அரைச்சு எழுப்பிட்டேன்.

டென்சில்: எங்க மச்சான் வேற ஒண்ணு கேக்காரு. 'நீ அவரை அண்ணாச்சிங்க. அப்ப அவரு மகன் உன் பிள்ளைக்கு அண்ணன் முறைல்லா?'ங்காரு.

ஞானசீலன்: மீன்காரரையும் அண்ணாச்சிங்கீரு. நசீரையும் அண்ணாச்சிங்கீரு. அப்படிப் பாத்தா தாராவில ஒரு பிள்ளைக்கும் மாப்பிள்ளை கிடைக்காது.

டென்சில்: நானும் அவர்ட்ட அதையேதான்... இல்ல, நான் ஒண்ணும் சொல்லல.

ஞானசீலன்: திறந்துட்டு. இந்தா, வந்துட்டு. டென்சிலு, நான் செஞ்சது தப்பு. உம்ம பிள்ளை வாழ்க்கை. என் ஆசைக்கு நாளைக்கு அவ நிச்சயம் நிக்கக் கூடாது. திருத்தம் நேத்தே கையால எழுதி வச்சுட்டேன். வாசிக்கேன், கேளும். 'கடந்த ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்பட்ட திருமண ஓலையானது, சபையின் கணினியில் ஏற்பட்ட கோளாறினால் இடம்பெற்றதாகும். இதனால் இரு வீட்டாருக்கும் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு வருந்துகிறோம்.'

டென்சில்: கோளாறுங்கறது நல்லா இல்ல அண்ணாச்சி. கேக்கறவன் எம் பிள்ளைக்கு ஏதோ கோளாறுன்னு நினைப்பான்.

ஞானசீலன்: சரி. 'தவறினால்'.

டென்சில்: தவறுன்னாலும்... தப்புத்தண்டா மாதிரி இருக்கு.

ஞானசீலன்: 'பிழையினால்'.

டென்சில்: பிழைன்னா பிழை திருத்துறவன் எங்க போனான்னு என்னைய ஏசுவாவ.

ஞானசீலன்: பொறவு என்னதான்யா போட?

டென்சில்: யோசிங்க. அவசரம் இல்ல. அந்த ரெண்டாவது வரியும் சரியில்ல. 'இரு வீட்டாருக்கும் மன உளைச்சல்'. கேசரி கிண்டின வீட்டுல என்ன உளைச்சல்?

சேசம்மாள்: தம்பி, நசீரு கடை சாத்திருவான். இப்படி ஒவ்வொரு வார்த்தையா முள்ளு எடுத்தா நாளைக்கு ரெண்டாம் ஓலைதான் வரும்.

டென்சில்: அதான்... அதுக்குத்தான் நானும் டென்ஷன்ல இருக்கேன் மதினி.

சேசம்மாள்: டென்ஷன்ல இருக்கிறவரு அஞ்சாறு முறுக்கு தின்னுட்டிய.

ஞானசீலன்: சேசு, அவரை விடு. பெத்த தகப்பன்.

சேசம்மாள்: நான் ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டுல ஸ்வீட்டியப் பாத்தேன். அவ வேலை பாக்குற லேபு அங்கதானே. நான் போயி மன்னிப்புக் கேட்டேன். 'இவிய மெஷினால உனக்குச் சங்கடம் பிள்ள, சனிக்கிழமை எடுத்துருவாவ, கவலைப்படாத'ன்னேன்.

டென்சில்: என்ன சொன்னா?

சேசம்மாள்: ஒண்ணும் சொல்லல. கொத்தவரங்காயப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. பொறவு மெதுவா, 'ஆன்ட்டி, அங்கிள்ட்ட சொல்லுங்க, அவசரப்பட வேண்டாம். மூணு ஓலையும் வாசிச்சு முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்'னா.

ஞானசீலன்: இதை ஏன்ளா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?

சேசம்மாள்: சொன்னா நீங்க கமிட்டிக்கு லெட்டர் போட்டுருவிய.

ஞானசீலன்: சாஜன்ட்ட கேட்டியா?

சேசம்மாள்: அவன்ட்ட கேக்கணுமா? ஞாயித்துக்கிழமை ஓலை வாசிச்சதும் அவன் கீபோர்டுல என்ன வாசிச்சான்? காணிக்கைப் பாட்டுக்கு கலியாணப் பாட்டு மெட்டப் போட்டான். கொயரே திரும்பிப் பாத்துச்சு. வீட்டுல வந்து உப்பில்லாத ரசத்த ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டான். நேத்து நேராவே கேட்டேன். 'அம்மா, இது மெஷின் தப்புன்னா, அந்த மெஷினு நல்லா இருக்கட்டும்'ங்கான்.

ஞானசீலன்: பாஸ்டரு நேத்து ஊர்ல இருந்து வந்துட்டாரு. அவர்ட்டயும் கேட்டேன். 'பிள்ளைகள் ரெண்டு பேரும் ஆராதனைக்கு முன்னாடி என்கிட்ட வந்து சம்மதம் சொன்னா முதல் ஓலை செல்லும். இல்லாட்டி திருத்தம் போடுங்க'ன்னாரு. ஆனா டென்சிலு, பிள்ளைய மட்டும் பாத்துப் பத்தாது. நீரு மச்சானுக்கு வாக்கு கொடுத்திருக்கீரு. வாயால ஒரு வார்த்தை சொல்லும். நீரு அழிங்கன்னா அழிச்சுருதேன். கை இந்தா பட்டன்மேல இருக்கு.

சேசம்மாள்: இருங்க, இருங்க. அதுக்குக் கீழ என்னமோ இருக்கே. இது யாரு போட்டோ? 'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்'... ஏங்க, இது நீங்கல்லா?

ஞானசீலன்: எங்க? ...ஐயையோ. இதும் எழும்பிட்டா?

சேசம்மாள்: 'சபையின் நெடுநாள் காரியதரிசி திரு. ஞானசீலன் அவர்கள்...' என்ன எழவுங்க இது?

ஞானசீலன்: டெஸ்ட்டு சேசு. மரண அறிவிப்புக்கும் ஒண்ணு போட்டுப் பாக்கணும்லா. வேற யாரு பேரைப் போட மனசு வரும்? என் பேரைத்தானே போட முடியும்.

சேசம்மாள்: 'அன்னாரின் எளிமையும் பொறுமையும் என்றும் நினைவுகூரப்படும்.' இதையும் நீங்களேதான் எழுதினியளா?

ஞானசீலன்: இடம் நிறையுதான்னு பாக்க ரெண்டு வரி வேணும்.

சேசம்மாள்: பொறுமையாம். நான் உசிரோட இருக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

டென்சில்: அண்ணாச்சி, அதை மூடுங்க. நேரமாவுது.

ஞானசீலன்: இரும் வே. இங்க என்னமோ இடிக்கு. பேக்கப்ல ஓலை எழும்புனப்பவே இதும் எழும்பியிருக்கு. அச்சாகாத அறிவிப்பு எதுவா இருந்தாலும் அடுத்த தாள்ல தானா ஏறிரும். இங்க பாரும், 'போன வாரத் தாளில் சேர்க்கப்பட்டது'ன்னு ரெண்டுக்கும் நேரா பச்சை டிக் போட்டிருக்கு. ஓலைக்கும் போட்டிருக்கு. என் சாவுக்கும் போட்டிருக்கு.

சேசம்மாள்: அப்படின்னா அந்த பாஸ்டரு ஓலையோட சேத்து உங்க சாவையும்ல வாசிச்சிருக்கணும்? நீங்க முன்பெஞ்சுலல்லா உக்காந்திருந்திய.

ஞானசீலன்: வாசிக்கல. அச்சடிச்ச தாள்லயும் இல்ல. இருந்திருந்தா ஆராதனை முடியுமுன்ன மாதர் சங்கம் மாலையோட வந்திருக்கும். ...மெஷின்ல இருந்து கிளம்பும்போது ரெண்டும் இருந்திருக்கு.

சேசம்மாள்: மெஷின்ல இருந்து எங்க போவும்?

ஞானசீலன்: டென்சிலு போனுக்கு.

சேசம்மாள்: அங்க இருந்து?

ஞானசீலன்: நசீருக்கு. நசீரு தமிழ் வாசிக்க மாட்டான்.

சேசம்மாள்: அப்ப நடுவுல தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தருதான்.

ஞானசீலன்: டென்சிலு. திறந்துகூடப் பாக்கலேன்னு சொன்னீரே.

டென்சில்: ...பாத்தேன் அண்ணாச்சி. முதல்ல உங்க சாவு இருந்துச்சு. மத்தியானம் நீங்க மீன்கடையில பேரம் பேசிக்கிட்டு நின்னதைப் பாத்துட்டு வந்தவன் நான், அதனால அதை அழிச்சேன். அடுத்த வரியில எம் பிள்ளை பேரு. அதுவும் தப்புன்னு தெரியும். ஆனா அன்னைக்குக் காலையிலதான் அவ 'சான்பாடா வேண்டாம்பா, சாஜன்னா சரி'ன்னு எம் பக்கத்துல உக்காந்து அழுதுட்டு வேலைக்குப் போயிருந்தா. எனக்கு மச்சான எதுத்துப் பேச வாயில்ல. விரல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தேன், அழிக்க முடியல. அப்படியே நசீருக்கு அனுப்பிட்டேன். நீங்க அந்தத் திருத்தத்தைத் தூக்கிட்டு ரெண்டாம் ஓலையப் போட்டு என் போனுக்கு விடுங்க. உங்க சாவை மட்டும் மறக்காம எடுத்துருங்க. அது வாரதுக்குள்ள நான் வாசல்ல நின்னு, மச்சான் காதுல விழுற மாதிரி, இன்னும் கொஞ்ச நேரம் உங்களை ஏசிக்கிட்டு இருக்கேன்.